பச்சைக்குக் கீழே சிவப்பு

சென்ற மாதம் ஒரு காலையில் என் கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. அனுப்பியவள், நான் வேலை பார்த்த அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நிலவியல் பட்டதாரிப் பெண். உள்ளங்கையில் கருஞ்சிவப்பாக ஒரு கல். ஓரத்தில் மட்டும் மாதுளை முத்தினுள் தெரிகிற மாதிரி ஒரு வெளிச்சம். "மேடம், இது குப்ரைட்டா? மெஷின்ல செம்பு ரொம்ப அதிகமா காட்டுது" என்று கீழே எழுதியிருந்தாள். இப்போது துப்பாக்கி மாதிரி ஒரு கருவி வந்திருக்கிறது. கல்லின் மேல் வைத்து அழுத்தினால் அதில் என்னென்ன உலோகம் என்று சில நொடிகளில் சொல்லிவிடும்.

நான் கல்லைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. உடனே அவளைக் கூப்பிட்டு, "நீ இப்ப எங்கன நிக்கே?" என்றேன்.

"ஆபீஸ்லதான் மேடம். பழைய பீரோவ ஒழிச்சோம். ஒரு டப்பால கெடந்தது."

"பக்கத்துல யாராவது குழிக்குள்ள, கெணத்துக்குள்ள எறங்கிருக்காவளா?"

"இல்ல மேடம். நாலு பேரு டீ குடிச்சிக்கிட்டு இருக்கோம். ஏன் பதறுதீங்க?"

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஏன் என்று பிறகு எழுதுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அதைத்தான் எழுதுகிறேன்.

நான் பாளையங்கோட்டையில் படித்தேன். அரசு வேலை கிடைத்தது. ஓராண்டு பயிற்சி. சுத்தியலும் வரைபடமும் கையுமாக வெயிலில் அலைந்தேன் என்பதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை. பிறகு சொந்த ஊரான தென்காசிப் பக்கமே பெரும்பாலும் வேலை. குவாரி உரிமம், ஆற்று மணல், கிணற்று நீர் மட்டம் என்று கோப்புகளோடு போயிற்று காலம். சீசனுக்குக் குற்றாலம் வருகிறவர்கள் ஓடையில் பொறுக்கிய சிவப்புக் கல்லைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு அலுவலகப் படியேறுவார்கள். "மேடம், மாணிக்கமா பாருங்க." எல்லாம் கார்னெட் என்கிற மலிவுக் கல். மலையில் அது ஏராளம். கண்ணாடியைக் கீறும். மெருகில்லாத பீங்கான் வில்லையில் தேய்த்தால் வெள்ளையாகத்தான் கோடு விழும். நான் ஒரு முறை தேய்த்துக் காட்டித் திருப்பிக் கொடுத்துவிடுவேன். ஏமாந்த முகத்தோடு போவார்கள்.

எனக்கு முதல் மேலதிகாரி தேவசகாயம் சார். நாகர்கோவில்காரர். ஜீப் டிரைவர் முதல் குவாரியில் கல் சுமக்கிறவர் வரை எல்லாரையும் "நீங்க" என்றுதான் சொல்வார். வெளி வேலைக்கு வந்தாலும் ஷூ பளபளக்கும். அவருடைய தோல்பையில் காற்றழுத்தமானி ஒன்று இருக்கும். முந்தைய காலத்தில் மலையில் உயரம் அளக்க அதை வைத்திருந்தார்கள். அவர் அதை உயரத்துக்குப் பயன்படுத்தி நான் பார்த்ததில்லை. எந்த இடத்தில் இறங்கினாலும் முதலில் பையைத் திறந்து, அதன் கண்ணாடியை நகத்தால் இரண்டு தட்டுத் தட்டி, முள் எந்தப் பக்கம் அசைகிறது என்று பார்த்த பிறகுதான் வணக்கம் சொல்வார்.

குழி, கிணறு, சுரங்க வாய் எதுவானாலும் அவருக்கு ஒரு முறை இருந்தது. ஒரு துண்டுத் தாளில் உள்ளே இறங்கப் போகிறவர் பெயரையும் மேலே நிற்கப் போகிறவர் பெயரையும் பென்சிலால் எழுதுவார். அதை மேலே நிற்கிறவரிடம் கொடுப்பார். "என்ன நடந்தாலும் நீங்க உள்ள வரக்கூடாது. கையெழுத்துப் போடுங்க" என்பார். பிறகு ஒரு ஊதுவத்தியைக் கொளுத்தி வாய்ப்பக்கம் பிடித்து, புகை உள்ளே போகிறதா வெளியே வருகிறதா என்று பார்ப்பார். பிறகு பால் டின்னில் மெழுகுவத்தியை நிறுத்தி, முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றில் கட்டி மெல்ல இறக்குவார். அடியில் வைத்து இருநூறு எண்ணுவார். வாய்விட்டு எண்ணுவார். சுடர் சுருங்கினாலே போதும், டின்னை மேலே இழுத்து, துடைத்து, பையில் வைத்து, "போகலாம்" என்று ஜீப்பில் ஏறிவிடுவார்.

அலுவலகத்தில் அவருக்குப் பயந்தாங்கொள்ளி சார் என்று பெயர். நானும் சிரித்திருக்கிறேன். ஒரு நாள் டிரைவரோடு சேர்ந்து நான் சிரித்தது அவர் காதில் விழுந்துவிட்டது. அவர் கோபப்படவில்லை. "ஆமா, பயப்படுறேன்" என்றார். "நீங்க சிரிங்க. ஆனா எண்ணும்போது சிரிக்காதீங்க, எண்ணிக்கை தப்புது."

சிவகிரிப் பக்கம் மலையடியில், யாரோ எந்தக் காலத்திலோ செம்பு தேடித் தோண்டிக் கைவிட்ட ஒரு குழி இருந்தது. அதைப் பார்த்து அறிக்கை தர வேண்டும் என்று போனோம். மெழுகுவத்தி ஏழாவது முடிச்சில் அணைந்தது. அறைந்து மூடினமாதிரி அணைந்தது. புகைகூட மேலே வரவில்லை. நான் எட்டிப் பார்த்தேன். அடியில் வெயில் விழுந்து தரை தெளிவாகத் தெரிந்தது. ஒரு காய்ந்த சருகு, ஒரு செத்த ஓணான். வாடை எதுவும் இல்லை. அவ்வளவு சுத்தமாக, அவ்வளவு அமைதியாக இருந்தது அது.

இறங்காமலே, வாயோரம் கிடந்த கல் குவியலில் சார் தேடினார். முதலில் பச்சைக் கல் கிடைத்தது, மாலகைட். பிறகு கருஞ்சிவப்பில் ஒன்று. என் கையில் வைத்தார். சிறிய கல், ஆனால் கை தாழ்ந்தது. அப்படி ஒரு கனம். அதில் எட்டு முகம் கொண்ட சின்னச் சின்னப் படிகங்கள். வெயிலுக்கு நேரே பிடித்தபோது ஓரங்கள் இரத்தச் சிவப்பாக எரிந்தன. பேனாக்கத்தி முனை சுலபமாகக் கீறியது. பீங்கான் வில்லையில் தேய்த்தால் செங்கல் பொடி நிறத்தில் கோடு.

"இதுதான் குப்ரைட். செம்பும் ஆக்சிஜனும் சேர்ந்தது. எடையில் பெரும்பகுதி செம்புதான்" என்றார். உடனே அதை என்னிடமிருந்து வாங்கி எக்ஸ்ரே படம் வரும் கறுப்புத் தாளில் சுற்றினார். வெளிச்சத்தில் கிடந்தால் மேலெல்லாம் கறுத்துப்போகும் கல் அது.

"கந்தகம் கலந்த செம்புத்தாது அடியில மஞ்சளா, பித்தளை மாதிரி கிடக்கும். மேல இருந்து மழைத்தண்ணியும் காத்தும் இறங்கும்போது அது துருப்பிடிக்கும். மேலாக, காத்து நிறைய கிடைக்கிற இடத்தில பச்சை. அதுக்குக் கீழ, நீர்மட்டத்தை ஒட்டி, ஆக்சிஜன் தீர்ந்துபோற இடத்தில இந்தச் சிவப்பு. அதுக்கும் கீழ மஞ்சள். இந்தச் சிவப்பைப் பார்த்தா, பாறை காத்தைத் தின்னுக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். செல்வராணி, அது நிறுத்தாது. நம்ம மூச்சுக்கு மிச்சம் வைக்கணும்னு அதுக்கு ஒண்ணும் இல்ல."

சுண்ணாம்புப் பாறையாக இருந்தால் இன்னும் மோசம் என்றும் சொன்னார். துருவிலிருந்து கசிகிற அமிலம் சுண்ணாம்பைக் கரைத்துக் கரியமில வாயுவைக் கிளப்பும். அது கனமானது. தண்ணீர் மாதிரி பள்ளத்தில் தேங்கும். வெளியே காற்றழுத்தம் ஏறினால் பாறை இடுக்கு நல்ல காற்றை உள்ளே இழுக்கும். மழைக்கு முன் அழுத்தம் இறங்கினால் இடுக்கில் கிடந்ததெல்லாம் வெளியே வரும். காலையில் இறங்கி ஏறிய அதே குழி சாயங்காலம் ஆளைக் கொல்லும். அவர் ஏன் கண்ணாடியைத் தட்டுகிறார் என்று அன்றுதான் புரிந்தது.

சார் ஓய்வு பெற்றுப் போனபோது டின்னையும் கயிற்றையும் கறுப்புத் தாளில் சுற்றிய அந்தக் கல்லையும் அலுவலக பீரோவில் வைத்துவிட்டுப் போனார். நான் எடுத்துப் பயன்படுத்தவில்லை. எனக்குப் பெரும்பாலும் மேசை வேலை. அதன் பிறகு நாங்கள் செம்பு தேடி எங்கேயும் போகவில்லை. எங்கள் பக்கம் செம்பு சுரங்கம் வைக்கிற அளவுக்குக் கிடையாது. அங்கொரு பச்சைக் கறை, இங்கொரு பச்சைக் கறை, அவ்வளவுதான்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு, ஜூன் மாதம். குற்றாலத்தில் சாரல் நன்றாகப் பிடித்துவிட்டது. மெயின் அருவியில் தண்ணீர் பாலத்தைத் தொட, குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். அருவிக்குப் போகும் பாதைக்கு மேலே ஒரு பாறை பிளந்து நிற்கிறது என்று சொன்னதால் அதைப் பார்க்கப் போயிருந்தேன். நான் குடையோடு நிற்கும்போது முப்பது வயதுக்குள் ஒரு ஆள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். பெயர் கணேசன். வளைகுடாவில் வேலை, இரண்டு மாத விடுப்பில் வந்திருப்பவர். வீரகேரளம்புதூர்ப் பக்கம் ஒரு சிற்றூர். அலுவலகத்தில் விசாரித்து என்னைத் தேடி வந்திருந்தார்.

"மேடம், எங்க கெணத்துல இது வந்திருக்கு. துபாய்ல நம்ம கூட வேல பாக்குதவரு மாணிக்கம்னு சொல்லுதாரு. நீங்க ஒரு வார்த்த சொல்லிட்டா போதும்."

கைக்குட்டையைப் பிரித்தார். கார்னெட் என்று சொல்ல வாயெடுத்தேன். கல்லை வாங்கியதும் கை தாழ்ந்தது. அந்தக் கனம் எனக்கு ஞாபகம் இருந்தது. பையிலிருந்த வில்லையில் தேய்த்தேன். செங்கல் நிறத்தில் கோடு.

"மாணிக்கம் இல்ல தம்பி. செம்புக்கல்லு. இது எந்த ஆழத்துல வந்தது?"

"எழுபதடி இருக்கும். மேல பச்சக் கல்லா வந்தது மேடம். பொறவு இந்தச் செவப்பு ஒரு சாண் அகலத்துக்குச் சுத்தி ஓடுது. இப்ப அடியில பித்தள மாதிரி மினுக்குது. தங்கமோன்னு அண்ணன் கேலி பண்ணுதான்."

"பாறை என்ன கலர்?"

"வெள்ளப் பாற. சுண்ணாம்புக்கல்லுன்னு வெடி வைக்குதவரு சொன்னாரு."

சுண்ணாம்புப் பாறையாக இருந்தால் இன்னும் மோசம் என்று சார் சொன்னது ஞாபகம் வந்தது. பயப்பட இரண்டாவது காரணமும் இருந்தது. அவர் ஊர்ப் பெயரைச் சொன்னதும், அந்தக் கிணற்றை எனக்குத் தெரியும் என்று புரிந்தது. மூன்று மாதத்துக்கு முன், மார்ச் மாதத்தில், வேறு வேலையாக அந்த வழியாகப் போனபோது கிணற்று ஓரம் பச்சைக் கல் குவிந்து கிடப்பதைப் பார்த்து ஜீப்பை நிறுத்தினேன். ஒரு துண்டு எடுத்துக்கொண்டேன். அறிக்கையில், "மாலகைட் கறை, சிறு அளவு, பொருளாதார முக்கியத்துவம் இல்லை" என்று ஒரு வரி எழுதினேன். அன்று கிணற்றுக்குள் வேலை நடந்துகொண்டிருந்தது. மேலே நின்ற ஆளிடம் நான் காற்றைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"இப்ப கெணத்துல வேல நடக்கா?"

"கிரேன் ரிப்பேரு, பத்து நாளா நடக்கல. இன்னைக்குத்தான் ஆரம்பிக்கோம். கல்ல அள்ளி மேல ஏத்துத வேல மட்டுந்தான். அண்ணனும் இசக்கிமுத்துன்னு ஒரு ஆளும் எறங்கிருப்பாவ."

பத்து நாள். பாறையில் வெடிக்குத் துளை போடுகிறவரை கம்ப்ரசர் காற்று உள்ளே அடித்துக்கொண்டே இருந்திருக்கும். அதனால்தான் இத்தனை நாள் எதுவும் ஆகவில்லை. இப்போது கம்ப்ரசர் இல்லை. தலைக்கு மேல் வானம் மலையைத் தொட்டுக்கொண்டு இறங்கியிருந்தது. காற்றழுத்தமானியைத் தட்டிப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை.

"அண்ணனுக்குப் போன் போடு."

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. "சட்டையக் கழட்டி மேல வச்சிருப்பான்" என்றார். அண்ணன் மனைவிக்குப் போட்டார். அவள் பெயர் பேச்சியம்மாள். வீட்டில் இருந்தாள். கைப்பேசியை நான் வாங்கினேன்.

"அம்மா, நான் சொல்லுதத மட்டும் கேளுங்க. கெணத்துக்குப் போய் மேல நின்னு ரெண்டு பேரையும் கூப்பிடுங்க. பதில் வந்தா உடனே மேல வரச் சொல்லுங்க. பதில் வரலன்னா யாரையும் உள்ள எறங்க விடாதீங்க. யாரையும். கேட்டுதா?"

"அவியளுக்கு என்னம்மா?"

"போங்கம்மா."

ஜீப்பில் ஏறினோம். தீயணைப்பு நிலையத்துக்குச் சொன்னேன். மூச்சுக்கருவியோடு வரச் சொன்னேன். தென்காசியைத் தாண்டும்போது கைப்பேசி அடித்தது. பேச்சியம்மாளின் மூச்சு முதலில் கேட்டது, பிறகு குரல்.

"கூப்புடுதேன், பதிலே இல்லம்மா. அவிய குப்புறக் கெடக்காவ. இசக்கி கல்லுக் குமியல்ல சாஞ்சி உக்காந்திருக்கான், தல தொங்கிப் போச்சு. கிரேன் அண்ணாச்சி எறங்குதேங்காவ."

"விடாதீங்க. எறங்குனா அவரும் விழுவாரு. பக்கத்துல எங்கயாவது கம்ப்ரசர் வண்டி நிக்கா?"

"தெக்குக் காட்டுல நிக்கு."

"அத ஓட்டிட்டு வரச் சொல்லுங்க. ஓஸ் பைப்பக் கழட்டி வாயத் தெறந்து அடிவரைக்கும் எறக்கிக் காத்தடிங்க. வேப்பங்குழையா வெட்டிக் கயித்துல கட்டி மேலயும் கீழயுமா ஆட்டச் சொல்லுங்க."

அந்த வழி நெடுக என் கண்ணுக்கு எதிரே சிவகிரிக் குழியின் அடித்தரைதான் தெரிந்தது. வெயில் விழுந்த தரை, காய்ந்த சருகு. கணேசன் முன் இருக்கையில் உட்கார்ந்து, "அண்ணே, அண்ணே" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே வந்தார். கல் அவர் மடியிலிருந்து இருக்கையில் உருண்டு கிடந்தது. எனக்கு அதைத் தொடவே பயமாக இருந்தது.

நாங்கள் போனபோது கம்ப்ரசர் வண்டி வரப்பு ஏறமுடியாமல் நாலு வயல் தள்ளி உறுமிக்கொண்டிருந்தது. கிணற்றைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர். இரண்டு பேர் வேப்பங்குழையை இறக்கி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பழைய கிணறு பாதி ஆழம் வரை படிக்கல் வைத்துக் கட்டியது. அதற்குக் கீழே புதிதாக வெட்டியது செங்குத்து. அடிக்குப் போக ஒரே வழி கிரேனில் தொங்கும் இரும்புத் தொட்டி. அது வாயோரம் தரையில் இருந்தது. கிரேன் ஓட்டுகிற தங்கராசு லீவரில் கை வைத்தபடி அழுதுகொண்டிருந்தார்.

எட்டிப் பார்த்தேன். வேலுச்சாமி, கணேசனின் அண்ணன், ஆழத்தின் அடியில் கவிழ்ந்து கிடந்தார். இசக்கிமுத்து அவருக்கு நாலடி உயரத்தில் கல் குவியல் மேல். பாறைச் சுவரில் அந்தச் சிவப்பு வளையம் ஈரத்தில் மினுங்கியது.

கணேசன் நேரே தொட்டியை நோக்கிப் போனார்.

"நில்லு தம்பி. முதல்ல தீயப் பாரு" என்றேன். தங்கராசு ஒரு தகர டப்பாவில் டீசல் நனைத்த துணியைக் கொளுத்திக் கயிற்றில் இறக்கினார். நன்றாக எரிந்துகொண்டு போன தீ, படிக்கல் முடிந்து பத்துப் பதினைந்து அடி போனதும் குனிந்து, நீலமாகி, இல்லாமல் போயிற்று. எல்லாரும் பார்த்தார்கள். குழை ஆட்டிக்கொண்டிருந்தவர்கள்கூட ஒரு கணம் நின்றுவிட்டார்கள்.

"தீ அணைஞ்சா அணையட்டும். நான் மூச்சப் புடிச்சிக்கிடுதேன். போனதும் அண்ணனத் தூக்கித் தொட்டில போட்டுருவேன்" என்றார் கணேசன்.

"முடியாது. ஆளைத் தூக்கும்போது மூச்சுத் தானா வரும். ஒரு மூச்சு இழுத்தாலே விழுந்துருவ."

"எங்கண்ணன் மேடம் அது."

அவரைப் பிடித்து நிறுத்த எனக்கு உடம்பில் பலம் கிடையாது. சுற்றி நின்றவர்கள் அவர் பக்கம். கூடப் பிறந்த அண்ணன் கிடக்கும்போது தம்பி இறங்கத்தானே செய்வான் என்று அவர்கள் முகத்திலேயே எழுதியிருந்தது. நான் என்ன யோசித்தேன் என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தொட்டிக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டேன். அதில் ஒருவருக்கு மேல் இடமில்லை.

"எறங்குங்க" என்றார் கணேசன்.

"எறங்கமாட்டேன்."

அவர் தங்கராசுவைத் தள்ளிவிட்டு லீவரை இழுத்தார். தொட்டி தரையை விட்டு எழும்பிச் சுழன்று கிணற்று வாய்க்கு மேலே போய் நின்றது. நான் இரண்டு கையாலும் சங்கிலியைப் பிடித்துக்கொண்டேன். காலுக்குக் கீழே எழுபதடி. தொட்டி ஆடியது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வேலுச்சாமியின் முதுகு ஒரு பக்கமிருந்து இன்னொரு பக்கம் போவதுபோல் இருந்தது.

"எறங்கலன்னா ஒங்களையும் சேத்து எறக்கிருவேன். சத்தியமா எறக்கிருவேன்" என்றார். தொட்டி ஒரு அடி கீழே இறங்கியது. அவர் செய்வார் என்றுதான் நான் நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அப்போது பேச்சியம்மாள் அவர் பக்கத்தில் வந்து நின்றாள். அதுவரை கிணற்றுச் சுவரைப் பிடித்தபடி புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தவள். அழவில்லை.

"ஏய்யா கணேசா. அங்கன கெடக்குதது என் புருசன். எறங்கணும்னா மொதல்ல நான்தான் எறங்கணும். நானே நிக்கேன். நீயும் நில்லு."

"மதினி..."

"நில்லுய்யா. ரெண்டு பேரத் தூக்கிட்டுப் போக என்னால ஆகாது."

கணேசன் லீவரை விட்டார். தங்கராசு தொட்டியைத் தரைக்குக் கொண்டுவந்தார். நான் அதிலிருந்து எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்க முடியவில்லை என்பதுதான் உண்மை.

கம்ப்ரசர் வந்து சேர்ந்தது. ஓஸை இறக்கி முழு வேகத்தில் காற்றடித்தார்கள். தீ டப்பாவை மறுபடி மறுபடி இறக்கினோம். ஒவ்வொரு தடவையும் சுடர் கொஞ்சம் கூடுதல் ஆழம் போய் அணைந்தது. அந்த நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. கணேசன் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றார். கீழே இரண்டு பேரும் கிடக்க, மேலே நாங்கள் அத்தனை பேரும் ஒரு டப்பாவைப் பார்த்துக்கொண்டு நின்றோம். என் வாழ்நாளில் நான் செய்த வேலைகளிலேயே கொடியது அதுதான். சும்மா நிற்பது.

சுடர் அடிவரைக்கும் போய் நின்று எரிந்தபோது தீயணைப்பு வண்டி வந்துவிட்டது. அவர்கள் முகமூடி போட்டுக்கொண்டு இறங்கினார்கள். முதலில் இசக்கிமுத்து வந்தார். வரப்பில் கிடத்தியதும் அவர் வயிறு அசைந்தது. அவர் இருந்த கல் குவியல் உயரம்தான் அவரைக் காப்பாற்றியது. வேலுச்சாமியைக் கொண்டுவந்தபோது அவர் கைவிரல்கள் ஏற்கெனவே மடங்கி இருந்தன. ஆஸ்பத்திரியில் டாக்டரிடம், "எப்ப உயிர் போயிருக்கும்?" என்று கேட்டேன். "சொல்ல முடியாதும்மா. விழுந்த உடனேயும் இருக்கலாம், பிறகும் இருக்கலாம்" என்றார். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் கணேசன் என் எதிரே வந்து நின்றார். "எங்கண்ணனக் கொன்னது கெணறு இல்ல" என்றார். அவ்வளவுதான். பிறகு அவர் என்னிடம் பேசவில்லை.

கல் ஜீப் இருக்கையிலேயே இரண்டு நாள் வெயிலில் கிடந்தது. நான் பார்த்தபோது அதன் சிவப்பு மங்கி ஈயம் மாதிரி ஆகியிருந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம் பேச்சியம்மாள் அலுவலகத்துக்கு வந்தாள். கிணற்றை மூடுவதற்கில்லை என்றாள். இருக்கிற நிலம் முழுவதும் அந்தத் தண்ணீரை நம்பித்தான்.

"மோட்டார் எறக்க, தூர் அள்ள எப்பமும் யாராவது எறங்கத்தான் செய்வாவ. எப்ப எறங்கலாம், எப்ப எறங்கக் கூடாதுன்னு எழுதிக் குடுங்க."

எழுதினேன். இறங்குவதற்கு முன் காற்றடிக்க வேண்டும். தீ இறக்கிப் பார்க்க வேண்டும். மேலே ஒருவர் கட்டாயம் நிற்க வேண்டும், அவர் உள்ளே இறங்கக் கூடாது. வானம் மூடினால் அன்று வேலையே வேண்டாம். அவள் வாசித்துவிட்டு, "கடசில எழுதுனத மேல பெருசா எழுதுங்க" என்றாள். வேறு தாளில் அப்படியே எழுதிக் கொடுத்தேன்.

அவள் எழுந்தபோது நான் மார்ச் மாதத்தைப் பற்றிச் சொன்னேன். ஜீப்பை நிறுத்தியது, பச்சைக் கல்லை எடுத்தது, அறிக்கையில் எழுதிய வரி எல்லாம். சொல்லாமல் இருந்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்தத் தாளை மட்டும் கொடுத்தனுப்ப என்னால் முடியவில்லை.

"அப்பமே தெரியுமா ஒங்களுக்கு?"

"தெரிஞ்சிருக்கணும். நான் யோசிக்கல."

அவள் தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். வாங்கி வைத்திருந்த டீயைக் குடிக்காமல் போய்விட்டாள்.

ஓய்வு பெற்ற பிறகும் எனக்கு மே கடைசியில் உறக்கம் கெட்டுவிடுகிறது. மலைக்கு மேல் மேகம் திரண்டு, காற்று நின்று, காது லேசாக அடைக்கிற மாதிரி இருக்கும் அல்லவா, அப்போது ஊரெல்லாம் அருவியில் தண்ணீர் விழுந்துவிட்டதா என்று விசாரிக்கும். எனக்கு எங்கெங்கே கிணறு மூச்சு விடுகிறதோ என்றுதான் தோன்றும். பேச்சியம்மாளுக்குப் போன் போடுவேன். "கெணத்துப் பக்கம் யாரும் போகலியே?" என்று கேட்பேன். "போகல" என்பாள். நலம் விசாரிப்பது கிடையாது. வைத்துவிடுவாள். ஆனால் ஒரு தடவைகூட எடுக்காமல் இருந்ததில்லை.

போன வருஷம் சாரலுக்கு முன்னும் போட்டேன். எடுத்தது ஆண் குரல். எனக்கு உடனே அடையாளம் தெரிந்துவிட்டது. வைத்துவிடலாமா என்று நினைத்தேன். பயம்தான். ஆனாலும் கேட்டேன்.

"கெணத்துப் பக்கம் யாரும் போகலியே?"

எதிர்ப்பக்கம் மாடு ஒன்று கத்துவது கேட்டது.

"இல்ல மேடம்" என்றார் கணேசன். "ரெண்டு நாளா வானம் மூடிக் கெடக்கு. காலைலயே நான் போயி கிரேன் சாவிய எடுத்து வச்சிக்கிட்டேன்."